ஓடுபாதை போடும் ஆசாமிகள்

கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் ஃப்ளைட் சிமுலேட்டரைப் பொழுது போகாதவர்களின் பொம்மை என்று நினைக்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்.

மைக்ரோசாஃப்ட் 1982-ல் வெளியிட்ட முதல் சிமுலேட்டரைத் திறந்தால், உங்கள் விமானம் சிகாகோவின் மெய்க்ஸ் ஃபீல்டில் நிற்கும். நிஜ மெய்க்ஸின் ஓடுபாதையை 2003 மார்ச் 30 நள்ளிரவில் மேயர் டேலி புல்டோசர் விட்டுத் தோண்டிப்போட்டார். இன்று அங்கே பூங்கா. ஆனால், கம்ப்யூட்டரில் இன்னமும் இறங்கலாம். பைசா வாங்காத ஆசாமிகள் சிலர் அதை மறுபடி கட்டி இலவசமாகக் கொடுத்துவிட்டார்கள். விமானம் செய்கிறவர்கள் பாடு இன்னும் பெரிசு. உருவம் மட்டும் போதாது. எடை, இறக்கையின் பரப்பு, எஞ்சின் சக்தி எல்லாவற்றையும் எண்களாகச் சரியாகக் கொடுத்தால்தான் ஒழுங்காகப் பறக்கும்.

இவர்களைத்தான் 2012-ல் மைக்ரோசாஃப்ட் வாசலிலேயே நிறுத்தியது. 'ஃப்ளைட்' என்று ஒரு புதுச் சரக்கு. விளையாட இலவசம், கூடுதல் விமானம் வேண்டுமா, எங்களிடமே காசு கொடுத்து வாங்கு. வெளியாட்களுக்கு அனுமதி இல்லை. என்னாச்சு? பிப்ரவரியில் வந்தது, ஜூலையில் வேலையையே நிறுத்திவிட்டார்கள். 2006-ல் வந்த எஃப்.எஸ்.எக்ஸோ, வெளியாட்கள் தயவில் அதற்கப்புறமும் பல வருஷம் பறந்தது. 2020-ல் புதுப் பதிப்பு வந்தபோது கதவு மறுபடி திறந்திருந்தது. பட்டால்தான் தெரிகிறது!

அதனால், உங்கள் வீட்டுப் பையன் ராத்திரி ஒரு மணிக்கு ஓடுபாதை விளக்குகளை ஒவ்வொன்றாக நட்டுக்கொண்டிருந்தால் திட்டாதீர்கள். சிமுலேட்டரை விற்பதுதான் கம்பெனி. உயிரோடு வைத்திருப்பது அவன்.