எழுதியது யாருக்குச் சொந்தம்?

போடியில் ஏலக்காய் ஏலம் இப்போது கம்ப்யூட்டரில் நடக்கிறது. வியாபாரி பொத்தானை அழுத்துகிறார், விலை திரையில் ஏறுகிறது. அந்தப் புரோகிராமையும் சம்பளத்துக்கு யாரோ ஒரு உழைப்பாளிதான் எழுதியிருப்பார்.

எழுதியது யாருக்குச் சொந்தம்? வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் வேலைக்கு வைத்தவருக்கே என்கிறது 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு. மில்லில் நூல் நூற்றவனுக்கு இல்லை. தோட்டத்தில் காய் பறித்தவளுக்கு இல்லை. இவர் கதையும் அதுவே.

ஆனால் ஒரு வித்தியாசம். காயைக் கொடுத்தால் கை காலி. புரோகிராமை ஆயிரம் பேருக்குக் கொடுத்தாலும் அசல் குறையாது. ஏலச் செடியைத் தூர் பிரித்து நடுகிறோமே, அதுபோல. இடுக்கி விவசாயி செபாஸ்டியன் ஜோசப் தேர்ந்தெடுத்த ஞள்ளானி ரகம் அப்படித்தான் மலை முழுவதும் பரவிற்று.

அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன், தாம் எழுதப்போவதை எல்லோருக்கும் திறந்துவிட நிர்வாகம் குறுக்கே வரக் கூடாதென்று, 1984 ஜனவரியில் எம்.ஐ.டி. வேலையையே விட்டார். பாராட்டுகிறோம். ஆனால் வீட்டில் உலை கொதிக்க வேண்டியவர் ராஜினாமா செய்ய முடியுமா?

வழி சட்டத்திலேயே இருக்கிறது: "வேறு ஒப்பந்தம்". தனி ஆள் கேட்டால் மானேஜர் சிரிப்பார். சங்கம் கேட்டு எழுதி வாங்கட்டும்.

"சம்பளம் கொடுத்தோமே" என்பார்கள். மக்கள் வரிப்பணத்தில் எழுதியதற்கு அந்த வாதமும் நிற்காது. சர்க்கார் புரோகிராம்களின் மூல வரிகளைத் திறந்துவிட மத்திய சர்க்காரே 2015-ல் கொள்கை வெளியிட்டது. ஸ்பைசஸ் போர்டின் ஏலப் புரோகிராமையும் திறக்கும்படி நாம் கேட்கிறோம். கணக்கு எப்படி ஓடுகிறதென்று காய் விளைவித்தவன் பார்க்கட்டும்.