‘விஷ் யூ வேர் ஹியர்’: அஞ்சு பாட்டு, ஒரு டாக்டரோட ரேங்க் லிஸ்ட்

1/ பிங்க் ஃப்ளாய்டின் ‘விஷ் யூ வேர் ஹியர்’ ஆல்பத்தில் மொத்தமே 5 டிராக்தான். 1975 செப்டம்பரில் வந்தது. அஞ்சு பாட்டை வரிசைப்படுத்த ஒரு த்ரெட்டான்னு கேக்கலாம். எண்ணிக்கை கம்மியா இருந்தாதான் சண்டை பெருசா வரும் மக்களே. கடைசி இடத்திலிருந்து ஆரம்பிக்கிறேன்.

2/ கேட்காதவங்களுக்கு முன்கதை. இந்த பேண்டுக்குப் பேர் வச்சது, ஆரம்பத்துல பெரும்பாலான பாட்டை எழுதினது, முன்னாடி நின்னு பாடினது எல்லாம் சிட் பேரட்ங்கிற இளைஞர். 1967-ல் புகழ் வந்தது. அதே வருஷம் அவர் மனநிலையும் மாறத் தொடங்கியது. எல்எஸ்டி நிறைய எடுத்தார் என்பதும் தெரிந்ததே.

3/ மேடையில் கிடாரைப் பிடித்தபடி வெறுமனே நிற்பார். கைகொடுக்க டேவிட் கில்மோரைச் சேர்த்தார்கள். 1968 ஜனவரியில் ஒரு கச்சேரிக்குக் கிளம்பும்போது, சிட்டை வீட்டில் போய் அழைத்துக்கொள்ள வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். அவ்வளவுதான். ஏழு வருஷம் கழித்து வந்த இந்த ஆல்பம் முழுக்க அந்தக் காலி இடம்தான் இருக்கு.

4/ அஞ்சாவது இடம்: ‘ஹேவ் எ சிகார்’. இசைக் கம்பெனி முதலாளிகளைக் கிண்டலடிக்கும் பாட்டு. பேஸும் கிடாரும் செம. ரோஜர் வாட்டர்ஸுக்குக் குரல் ஒத்துழைக்கலை, கில்மோர் பாட மாட்டேன்னுட்டார். பக்கத்து ஸ்டூடியோவில் ரெக்கார்டிங்கில் இருந்த ராய் ஹார்ப்பர் வந்து பாடிக் கொடுத்தார். அவரும் பிரமாதமாகத்தான் பாடியிருக்கார்.

5/ அப்புறம் ஏன் கடைசி? கேட்டா சிரிப்பு வருது, தலையாட்ட வைக்குது, முடிஞ்சதும் விட்டுடுது. மத்த நாலும் அப்படி விடாது. வேறெந்த பேண்டோட ஆல்பத்தில் இருந்தாலும் இது முதல் இடத்துக்கே போட்டி போடும்.

6/ நாலாவது இடம்: ‘வெல்கம் டு த மெஷின்’. சிந்தசைசரில் ஒரு துடிப்பு பாட்டு முழுக்க ஓடிட்டே இருக்கும். ராத்திரி டியூட்டியில் ஐசியு-வில் நின்றவர்களுக்கு அந்தச் சத்தம் பழக்கமானதுதான்: வென்டிலேட்டரும் மானிட்டரும் மட்டும் பேசிக்கொண்டிருக்கும் நேரம்.

7/ கனவோடு வரும் பையனை இயந்திரம் வரவேற்கிறது, அவனைப் பற்றி ஏற்கெனவே எல்லாம் அதற்குத் தெரியும். பயங்கரமான கற்பனை. ஆனா மூச்சு விட இடமே தராத பாட்டு. ஹெட்ஃபோனில், இருட்டில், ஒருமுறை கேளுங்க. தினமும் கேட்கிற மருந்து இல்லை இது.

8/ மூணாவது இடம்: ‘ஷைன் ஆன் யூ க்ரேஸி டயமண்ட்’, பாகம் 6 முதல் 9 வரை. இந்தப் பாட்டை ரெண்டா வெட்டி ஆல்பத்தோட தொடக்கத்திலும் முடிவிலும் வச்சாங்க. ரெண்டாவது பாதியை நிறைய பேர் பாதியில் ஆஃப் பண்ணிடறாங்க. தயவுசெய்து அப்படிச் செய்யாதீங்க.

9/ கடைசிப் பாகம் கீபோர்ட் வாசித்த ரிச்சர்ட் ரைட் எழுதியது. முடியும் தறுவாயில், சத்தம் தேய்ந்துகொண்டே போகும்போது, சிட் 1967-ல் எழுதிய ‘சீ எமிலி ப்ளே’ பாட்டின் மெட்டு லேசாக எட்டிப் பார்க்கும். விஷயம் தெரியாதவங்களுக்கு அது வெறும் மெட்டுதான். தெரிஞ்சவங்களுக்குத் தொண்டை அடைச்சுக்கும்.

10/ ரெண்டாவது இடம்: அதே பாட்டு, பாகம் 1 முதல் 5 வரை. இங்கதான் எனக்கு அடி விழப்போகுது. இதுதான் முதல் இடம்னு நிறைய பேர் சத்தியம் பண்ணுவீங்க. கில்மோரின் அந்த நாலு ஸ்வரம், 8 நிமிஷத்துக்கு மேல் காக்க வைத்துப் பிறகு வரும் குரல், கடைசியில் டிக் பாரியின் சாக்ஸபோன். இசையா மட்டும் பார்த்தா இதை மிஞ்ச அந்த ஆல்பத்தில் ஆளில்லை.

11/ என் குறை ஒண்ணே ஒண்ணுதான். இந்தப் பாட்டு சிட்டை வைரமாக, தியாகியாக, புராண நாயகனாக ஆக்கிவிடுகிறது. அப்போ அவருக்கு வயசு 29. உயிரோடு இருந்தார்.

12/ இருந்தார் என்பதற்குச் சாட்சியும் உண்டு. 1975 ஜூனில் இந்த ஆல்பத்தின் வேலை நடந்துகொண்டிருந்த ஸ்டூடியோவுக்கே வந்துவிட்டார். உடம்பு பெருத்து, தலையும் புருவமும் மழித்து. முதலில் ஒருத்தருக்கும் அடையாளம் தெரியலை. யாரை நினைத்து உருகினார்களோ அவரே அறையில் நிற்கிறார், யாரோன்னு நினைக்கிறாங்க.

13/ அவருக்கு என்ன நோய்? ஸ்கிசோஃப்ரினியான்னு ஒரு வீடியோ, எல்எஸ்டி மட்டும்தான் காரணம்னு இன்னொண்ணு. பரிசோதிக்காத ஆளுக்கு டயக்னோசிஸ் எழுதுவது மருத்துவம் இல்லை, ஜோசியம். நான் எழுத மாட்டேன். “பைத்தியம் பிடிச்சதாலதான் மேதை”ங்கிற கதையையும் நம்பாதீங்க. நல்லா இருந்தப்போதான் அவர் பாட்டு எழுதிக் குவிச்சார். நிலை மோசமானதும் எழுத்து வற்றிப்போச்சு.

14/ இப்போ முதல் இடம்: ‘விஷ் யூ வேர் ஹியர்’. கில்மோரின் கார் ரேடியோவில் ஸ்டேஷன் மாத்துற சத்தத்தோடு ஆரம்பிக்கும். எங்கோ தூரத்து ரேடியோவில் ஒலிக்கும் கிடாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இன்னொருத்தர் கூட வாசிப்பது போல அடுத்த கிடார் சேரும். ஒருத்தர் தொலைவில், ஒருத்தர் இங்கே. ஒரு வார்த்தை பாடுமுன்பே விஷயத்தைச் சொல்லியாச்சு.

15/ இந்தப் பாட்டு யாரையும் வைரம்னு கூப்பிடலை. நீ இல்லையேன்னு மட்டும் சொல்லுது. எதை விட்டுக்கொடுத்து எதை வாங்கினோம்னு கேள்வியும் கேக்குது. அந்தக் கேள்வி போனவரைப் பார்த்தா, இருப்பவரைப் பார்த்தா என்பது கடைசி வரை தெளிவாகாது. சிட்டை நினைக்காமல் இதைப் பாட முடியாது என்று கில்மோர் சொல்லியிருக்கிறார்.

16/ டாக்டரா எனக்கு இது ஏன் முக்கியம்? மனநோய், ஸ்ட்ரோக், மறதி நோய் வந்தவங்களோட வீட்டார் கேட்கும் கேள்வி ஒண்ணுதான்: “பழையபடி ஆயிடுவாரா டாக்டர்?” ஆள் எதிர்லயே உட்கார்ந்திருப்பார். ஆனாலும் அவரைத்தான் தேடிட்டு இருப்பாங்க. சாவு விழுந்தா துக்கம் கேட்க ஊரே வரும். இந்தத் துக்கத்தைக் கேட்க யாரும் வர மாட்டாங்க.

17/ அந்தத் தேடல் தப்பில்லை. ஆனா பழைய ஆளைத் தேடுற மும்முரத்தில், எதிர்ல இருக்கிற ஆளைத் தொலைச்சுடக் கூடாது. சிட் அதற்கப்புறம் 30 வருஷத்துக்கு மேல் வாழ்ந்தார். கேம்பிரிட்ஜில் ஓவியம் வரைந்தார், தோட்டம் போட்டார். 2006-ல் 60 வயதில் இறந்தார். அது தோற்றுப்போன வாழ்க்கைன்னு யார் சொன்னது? மேடைக்குத் திரும்பினாதான் குணமானதா அர்த்தமா?

18/ உங்க வீட்டில் 18, 20 வயசுப் பிள்ளை திடீர்னு ஒதுங்கிப்போய், தூக்கம் கெட்டு, யாரோ பேசுறது கேக்குதுன்னு சொன்னா, மேதைன்னும் நினைக்காதீங்க, பேய்ன்னும் நினைக்காதீங்க. மனநல மருத்துவரிடம் கூட்டிட்டுப் போங்க. சீக்கிரம் தொடங்கும் சிகிச்சைக்குப் பலன் அதிகம். கூட்டிட்டுப் போக வேண்டாம்னு மட்டும் முடிவெடுக்காதீங்க.

19/ ஆக என் வரிசை: 1. விஷ் யூ வேர் ஹியர். 2. ஷைன் ஆன், முதல் பாதி. 3. ஷைன் ஆன், ரெண்டாம் பாதி. 4. வெல்கம் டு த மெஷின். 5. ஹேவ் எ சிகார். உங்க வரிசையைக் கீழே போடுங்க. ‘ஹேவ் எ சிகார்’ ரசிகர்கள் வரிசையில் வந்து திட்டவும், டோக்கன் தரப்படும்.