அக்கிக்குக் காவி போதுமா?

இடுப்பில் ஒரு பக்கம் மட்டும் தீயாய் எரியும். ரெண்டொரு நாளில் கொப்புளங்கள் கொத்துக் கொத்தாய்க் கிளம்பும். "அக்கிதான்! குயவர் வீட்டுக்குப் போய் எழுதிக்கிட்டு வந்துடு" என்பார் பாட்டி.

காவி மண்ணைக் குழைத்து, சிங்கம் வரைவார்கள். ஈர மண் பட்டதும் எரிச்சல் கொஞ்சம் அடங்கும். பொய்யில்லை. சுத்தமான ஈரத்துணி போட்டாலும் அடங்கும்!

ஆனால் உள்ளே இருப்பது எப்போதோ வந்துபோன சின்னம்மையின் கிருமி. நரம்பில் பதுங்கிக் கிடந்து, உடம்பு தளர்ந்த நேரம் பார்த்துத் தலைதூக்குகிறது. மண்ணுக்கும் சிங்கத்துக்கும் அது பயப்படுமா?

கொப்புளம் கிளம்பிய 72 மணி நேரத்துக்குள் அசைக்ளோவிர் போன்ற மாத்திரையைத் தொடங்கினால் நல்ல பலன். காவியிலேயே மூணு நாளைக் கழித்துவிட்டு, நாலாம் நாள் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார்களே, அதுதான் வேதனை. புண் ஆறியும் வலி மாதக்கணக்கில் நிற்பதுண்டு. வயதானவர்கள் பாடு இன்னும் மோசம்.

நெற்றியிலோ மூக்கிலோ வந்தால் கண்ணுக்கே ஆபத்து. அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். உடைந்த கொப்புளத்தில் மண் வேண்டவே வேண்டாம், சீழ் பிடிக்கும்.

பாட்டி கோபித்துக்கொள்ள வேண்டாம். ஈரத்துணி அவர் போடட்டும், மாத்திரையை டாக்டர் கொடுக்கட்டும். வீட்டில் அம்மை வராத கர்ப்பிணியோ, கைக்குழந்தையோ இருந்தால், கொப்புளம் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை தள்ளியே இருக்கட்டும்.