டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், தோழர்களே!

பார்லர் வேலை பார்க்கும் தோழர்களே, அக்காமாரே, தங்கைகளே!

நாளைக் காலை கடையைத் திறந்ததும் சாம்பிராணி போடுவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். ஷெல்ஃபில் இருக்கும் சிவப்பழகு க்ரீம் டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பாருங்கள். யார் தயாரித்தது? எந்த ஊரில்? உரிம எண் என்ன? என்னென்ன சேர்ந்திருக்கிறது? வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதி செய்தவர் பெயரும் பதிவுச் சான்றிதழ் எண்ணும் எங்கே? இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லாத டப்பாவை அந்த நிமிடமே ஷெல்ஃபிலிருந்து இறக்குங்கள். அடுத்த கஸ்டமருக்கு அதைத் தொடவே கூடாது.

ஏன் இவ்வளவு அவசரம் என்பீர்கள். கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்துக் கோட்டக்கல்லுக்கு வாருங்கள். கோயம்புத்தூரிலிருந்து அரை நாள் பயணம்கூட இல்லாத ஊர். அங்கே ஒரு மருத்துவமனையின் சிறுநீரக மருத்துவர்கள், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒரே வகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரைக் கவனித்து எழுதினார்கள். மெம்ப்ரேனஸ் நெஃப்ரோபதி என்று அதற்குப் பெயர். சிறுநீரகத்தில் ரத்தத்தை வடிகட்டும் சவ்வு பழுதாகி, உடம்புக்கு வேண்டிய புரதமெல்லாம் சிறுநீரோடு போய்விடும். காலும் முகமும் வீங்கும், சிறுநீர் நுரைத்துக்கொண்டு போகும். அந்த 22 பேரில் 15 பேருக்கு வந்தது நெல்-1 என்ற, வழக்கமாக அதிகம் பார்க்காத வகை. அந்த 15 பேரில் 13 பேர் நோய் தொடங்குவதற்கு முன் சிவப்பழகு க்ரீம் பூசி வந்தவர்கள். ஒருவருக்கு மூளையின் ரத்தக்குழாயில் ரத்தமே உறைந்துவிட்டது. க்ரீமை நிறுத்தியதும் பெரும்பாலானவர்கள் தேறினார்கள் என்பதுதான் ஆறுதல். காரணம் யாருக்கும் தோன்றாமலே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்த க்ரீம்களில் இருந்தது பாதரசம், தோழர்களே. தெர்மாமீட்டர் உடைந்தால் குழந்தையைத் தொடவிடாமல் தள்ளி நிறுத்துவோமே, அதே பாதரசம். தோலுக்கு நிறம் கொடுக்கும் மெலனின் உருவாவதை அதன் உப்புகள் தடுத்துவிடும். அதனால்தான் சில நாட்களிலேயே "பளிச்" என்று தெரிகிறது, அதனால்தான் கஸ்டமர் மறுபடியும் வருகிறார். தோல் வழியாக உள்ளே போன பாதரசம் சிறுநீரகத்தில் சேருகிறது, நரம்பைத் தாக்குகிறது, கர்ப்பிணியாக இருந்தால் வயிற்றுப் பிள்ளை வரைக்கும் போகிறது. பூசியவரோடு நிற்பதும் இல்லை. ஆவியாகக் காற்றில் கலக்கும். துண்டிலும் தலையணை உறையிலும் ஒட்டிக்கொள்ளும். அம்மா க்ரீம் பூசினால், மடியில் படுக்கும் குழந்தைக்கும் பங்கு உண்டு.

இதில் நம்மைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கஸ்டமர் மாதம் ஒருமுறை வந்து போகிறார். நாமோ நாள் முழுக்க, ஏசி போட்டு ஜன்னலைச் சாத்திய சின்ன அறையில், கையுறை இல்லாத விரலால் அதே க்ரீமைத் தேய்த்துக்கொண்டு நிற்கிறோம். கால் வீங்கினால் "நின்னுக்கிட்டே வேலை பாக்குறோம்ல, அதான்" என்று நாமே சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். நின்று வீங்கும் காலும் உண்டுதான். ஆனால் முகமும் சேர்ந்து வீங்கினால், சிறுநீர் நுரைத்தால், அரசு மருத்துவமனையில் ஒரு சாதாரண சிறுநீர்ப் பரிசோதனை போதும், புரதம் போகிறதா என்று தெரிந்துவிடும். தயங்காதீர்கள். எந்தக் க்ரீமைக் கையாளுகிறீர்கள் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அவர் தானாகக் கேட்கமாட்டார்.

சட்டம் இல்லாமல் இல்லை. இந்தியாவின் அழகுசாதன விதிகள், 2020, கண்ணைச் சுற்றிப் பூசும் பொருட்களைத் தவிர மற்றவற்றில், தெரியாமல் கலந்துவிடும் பாதரசம்கூட பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்கின்றன. அதாவது ஒரு கிலோ க்ரீமில் ஒரு மில்லிகிராம். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா ஒப்பந்தத்தில் 2018-லேயே இந்தியா சேர்ந்துவிட்டது. அந்த ஒப்பந்த நாடுகள் 2023 நவம்பரில் ஜெனிவாவில் கூடி, 2025-க்குப் பிறகு பாதரசம் சேர்த்த அழகுப்பொருளே கூடாது என்று முடிவெடுத்தன. அப்படியும் கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை "ஆபரேஷன் சௌந்தர்யா" என்று கடை கடையாகச் சோதித்தபோது, சில மாதிரிகளில் அனுமதித்த அளவைப் போல 12,000 மடங்கு வரை பாதரசம் இருந்ததாக அமைச்சர் வீணா ஜார்ஜ் அறிவித்தார். கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் இருக்க வேண்டிய இடத்தில் 12 கிராம்! தெரியாமல் கலந்ததாக யாராவது சொன்னால் நம்புவீர்களா?

கேரளத்தில் தேடினார்கள், கிடைத்தது. எல்லையில் இருக்கும் வாளையார் செக்போஸ்ட் க்ரீம் டப்பாவை நிறுத்திவிடும் என்று நினைத்துக்கொண்டு நாம் தூங்க முடியாது.

பாதரசம் ஒரு பக்கம் என்றால் இன்னொரு பக்கம் ஸ்டீராய்டு. அதைப் பற்றி நமக்குள் கொஞ்சம் வெளிப்படையாகவே பேசுவோம். மருந்துக்கடையில் வாங்கிய ஆயின்ட்மென்டை நைட் க்ரீமில் கலந்து, லேபிள் இல்லாத குட்டி டப்பாவில் அடைத்து "எங்க பார்லர் ஸ்பெஷல்" என்று கொடுப்பது நம் தொழிலில் நடக்கிறது. குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் போன்ற பெயர்களெல்லாம் ஸ்டீராய்டு. 2018-ல் மத்திய அரசு இப்படிப்பட்ட 14 ஸ்டீராய்டுகள் சேர்ந்த பூச்சு மருந்துகளை, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் கொண்டுவந்தது. முதல் வாரம் முகம் மினுங்கும். போகப் போகத் தோல் மெலிந்து, சிவந்து, ரத்தக்குழாய் தெரிந்து, பருவும் முடியும் கிளம்பும். நிறுத்தினால் எரியும். எரிச்சல் தாங்காமல் அந்தப் பெண் மறுபடி நம்மிடமே வந்து அதே டப்பாவைக் கேட்பாள். அதை வியாபாரம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"கஸ்டமர் கேக்குறாங்க, நாங்க என்ன செய்ய?" என்ற பதில் எனக்குத் தெரியும். உண்மைதான், கேட்கிறார்கள். "கறுப்பே அழகு, காந்தலே ருசி" என்று பழமொழி பேசும் அதே வீட்டில்தான், பெண் பார்க்க வருவதற்கு முன்னால் நிறத்தைக் கொஞ்சம் ஏற்றிக் கொடுங்கள் என்று அனுப்புகிறார்கள். இதை எதிர்த்துப் பேசியவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். சென்னையில் கவிதா இம்மானுவேல் தொடங்கிய "டார்க் இஸ் பியூட்டிஃபுல்" இயக்கம் 2009 முதல் இந்த நிற மோகத்தை எதிர்த்துப் பேசிவருகிறது. ஆனால் மேடையில் பேசுபவருக்குக் கிடைக்காத இடம் நமக்குக் கிடைத்திருக்கிறது. கண்ணாடி முன்னால், நம் நாற்காலியில், அரை மணி நேரம் அந்தப் பெண் நாம் சொல்வதை மட்டும்தான் கேட்கிறாள். அந்த அரை மணி நேரத்தில் "உனக்கு இந்த கலர் எடுப்பா இருக்கு, இதை ஏம்மா மாத்தணும்?" என்று ஒருவர் சொல்ல வேண்டும். நாம் சொல்லாவிட்டால் யார் சொல்வார்?

வருமானம் போய்விடும் என்று பயப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். த்ரெடிங், ஹேர்கட், மெஹந்தி, புடவை கட்டுதல், மேக்கப், முடி அலங்காரம், இவற்றில்தான் நம் கைத்திறன் இருக்கிறது. டப்பாவைத் திறந்து பூசுவதற்குத் திறமை தேவையில்லை, அந்த டப்பா இல்லாமல் நாம் பிழைக்க மாட்டோமா?

மாற்று என்றதும் "ஹெர்பல்" என்று ஓடாதீர்கள். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள், அதே நெல்-1 வகை நோயோடு வந்தவர்களில் பலர் பாதரசம் கலந்த நாட்டு மருந்துகளைச் சாப்பிட்டிருந்ததைக் கண்டுபிடித்து, 2022-ல் எழுதியிருக்கிறார்கள். பச்சை இலைப் படம் போட்ட டப்பாவுக்கும் முகவரி வேண்டும், உரிம எண் வேண்டும். எலுமிச்சைச் சாற்றைத் தேய்த்து வெயிலில் அனுப்புவதும் வேண்டாம், புண்ணாகிவிடும். பயத்தம்பருப்பை நாமே வாங்கி அரைத்து வைத்துக்கொள்ளலாம். வறண்ட தோலுக்குத் தேங்காய் எண்ணெய் இருக்கிறது. வெயிலில் போகிறவர்களுக்கு, ஜிங்க் ஆக்சைடு உள்ள, லேபிள் முழுமையாக இருக்கும் சன்ஸ்கிரீனைச் சொல்லுங்கள். மங்கு என்று வந்தால் தோல் டாக்டரிடம் அனுப்புங்கள். அது நம் வேலை இல்லை, அனுப்புவதில் அவமானமும் இல்லை.

சந்தேகமான டப்பாவைக் கண்டுபிடிக்க ஒரு குறிப்பு. "தங்கம், வெள்ளி, அலுமினியம், ரப்பர் படாமல் பார்த்துக்கொள்ளவும்" என்று எழுதியிருந்தால், அதில் பாதரசம் இருக்கலாம் என்று உலகச் சுகாதார நிறுவனமே எச்சரிக்கிறது. தாலிச் சங்கிலியைக் கழற்றிவிட்டுப் பூசச் சொல்லும் க்ரீமை அந்தக் கழுத்தில் ஏன் பூச வேண்டும்? காலமெல், மெர்க்குரிக், மெர்க்குரியோ என்ற சொற்கள் இருந்தாலும் அதேதான். இறக்கிய டப்பாவைக் குப்பையில் வீசாதீர்கள், சிங்க்கில் கழுவியும் விடாதீர்கள். தண்ணீரில் போகும் பாதரசம் மீன் வழியாக நம் குழம்புக்கே திரும்பும். கவருக்குள் போட்டு இறுகக் கட்டி, தனியாக வையுங்கள்.

அப்புறம் நம் கையில் ஒரு ஆயுதம் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. 1940-ஆம் ஆண்டு மருந்து மற்றும் அழகுசாதனச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு. காசு கொடுத்து வாங்கிய யாரும், குறித்த கட்டணத்தைக் கட்டி, அந்தப் பொருளை அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுக்கலாம், அறிக்கையும் கேட்டு வாங்கலாம். தனியாகப் போனால் கட்டணம் சுமை, பத்துக் கடை சேர்ந்தால் ஆளுக்குக் கொஞ்சம்தான். சப்ளை செய்கிறவரிடம் இனி பில் இல்லாமல் ஒரு டப்பாவும் வாங்காதீர்கள். "மத்த கடையில எல்லாம் வாங்குறாங்களே" என்று அவர் சொன்னால், மற்ற கடைக்காரர்களுக்கு அங்கேயே போன் போடுங்கள்.

இப்போது ஆடி மாதம். முகூர்த்தம் இல்லை, கூட்டம் இல்லை, ஆவணி பிறந்தால் தலைநிமிர நேரம் இருக்காது. அதிலும் செவ்வாய்க்கிழமை முடிவெட்ட யாரும் வரமாட்டார்கள். வரும் செவ்வாய் காலை பதினொரு மணிக்கு, இறக்கி வைத்த டப்பாக்களை எடுத்துக்கொண்டு, நம் மாவட்ட மருந்து ஆய்வாளர் அலுவலகத்துக்கு எல்லோரும் சேர்ந்து போகிறோம். டப்பாவின் முன்பக்கம், பின்பக்கம் போட்டோ எடுத்து வையுங்கள். எழுதிக் கொடுக்கும் புகாருக்கு ரசீது வாங்காமல் யாரும் திரும்பக் கூடாது. ஓனர் அக்கா விடமாட்டார் என்று பயப்படும் தங்கைகள் எங்களிடம் சொல்லுங்கள். ஓனர்களோடு நாங்கள் பேசுகிறோம், அவர்களையும் கூட்டிக்கொண்டு வருகிறோம்.