தங்கம் கிடைக்காத இரண்டு ஆண்டுகள்



பிறந்து ஆறு மாதமும் 29 நாட்களும் ஆன குழந்தை என்ன செய்யும்? தலை நின்றிருக்கும்; கைக்கு அகப்பட்டதை வாயில் வைக்கும். 1982 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் அவ்வயதுக் குழந்தையொன்று நீர்ச்சறுக்கு செய்தது. மிக இளவயதில் நீரில் சறுக்கியவர் என்று பார்க்ஸ் போனிஃபே என்னும் அக்குழந்தையின் பெயர் கின்னஸ் நூலில் இடம்பெற்றது.

கேட்கும் தாய்மார்களுக்கு நெஞ்சு பதறும். பெற்றோர் இருவரும் நீர்ச்சறுக்கில் தேர்ந்தவர்கள் என்பதையும் நாம் சேர்த்துச் சொல்லவேண்டும். எனினும் அச்சாதனையைப் பிள்ளையின் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை. அது பெற்றோரின் துணிவு. பிள்ளையின் கணக்கு பிற்பாடுதான் தொடங்குகிறது.

அவர் வளர்ந்து தேர்ந்துகொண்ட ஆட்டம் 'வேக்போர்டு'. இரு கால்களையும் ஒரே பலகையில் பிணைத்துக்கொண்டு, விசைப்படகின் கயிற்றைப் பற்றியவாறு நீரின்மேல் செல்வது. படகு மணிக்கு ஏறத்தாழ 35 கிலோமீட்டர் வேகத்தில் விரையும்போது அதன் பின்னே இருபுறமும் நீர் மேடாக எழும். அம்மேட்டில் ஏறி வானில் எழும்பிச் சுழன்று மீண்டும் நீரில் இறங்கவேண்டும். சுழலும்போது கயிற்றின் கைப்பிடியை முதுகுப்புறமாக ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றவேண்டும். இல்லையேல் கயிறு உடலைச் சுற்றிக்கொள்ளும். இறங்குகையில் பலகையின் விளிம்பு நீரில் பதிந்துவிட்டால் ஆள் முகங்குப்புற அறையப்படுவார். அந்த வேகத்தில் நீர் மென்மையானதன்று. தரையைப் போலவே தாக்கும்.

1996 இல் ரோட் ஐலண்டில் நடைபெற்ற எக்ஸ் கேம்ஸ் விளையாட்டுகளில் வேக்போர்டு முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. தங்கம் வென்றவர் பார்க்ஸ். வயது 14!

நம் வீடுகளில் ஒரு பிள்ளை அவ்வயதில் முதலிடம் பெற்றால் என்ன நிகழும் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை. உற்றார் உறவினர் கூடுவர். அடுத்த ஆண்டும் அதே இடம் என்று தந்தை முடிவே செய்துவிடுவார். பரிசுக் கோப்பையோடு வந்த மாணவன், மறு ஆண்டு வெறுங்கையோடு வீட்டுவாசலில் தயங்கி நின்றதை நானே கண்டிருக்கிறேன்.

பார்க்ஸுக்கும் அந்த மறு ஆண்டு வந்தது. 1997 இல் அப்போட்டியின் தங்கம் ஜெரமி கோவாக்கிற்குச் சென்றது. 1998 இல் டேரின் ஷபைரோ பெற்றார். பதினைந்து, பதினாறு வயதில், உலகமே பெயரறிந்த ஒரு பிள்ளை பிறர் கழுத்தில் பதக்கத்தைப் பார்த்து நிற்பது எளிதா? அவரைப் பற்றிப் பேசுவோர் தொட்டில் பருவத்துச் சாதனையையே விரித்துரைப்பர். இவ்விரு ஆண்டுகளை ஒரே வரியில் கடந்துவிடுவர். எனக்கோ இவைதாம் பெரிதாகப்படுகின்றன.

1999 இல் தங்கம் மீண்டும் அவருக்கே கிடைத்தது. அதே ஆண்டில், வானில் மூன்று முழுச் சுற்றுகள் சுழன்று இறங்கும் '1080' என்னும் வித்தையை வேக்போர்டில் முதன்முதலாகச் செய்துகாட்டியவரும் அவரே. மும்முறை 360 பாகை என்பதால் அப்பெயர். அப்போது அவருக்கு 18 வயதுகூட ஆகவில்லை, அல்லது அப்போதுதான் ஆகியிருந்தது. தம்பி ஷேனும் பின்னாளில் இதே ஆட்டத்தில் தொழில்முறை வீரரானார்.