அரைச் சாண் மண் கேட்கிறோம்

வடசென்னை டோல்கேட்டில் வாடகைக்கு வீடு பார்ப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பகலில் வந்து பார்க்காதீர்கள், ராத்திரி வாருங்கள். பகலில் கடல்காற்று வீசும். ராத்திரியில் காற்று மேற்கிலிருந்து திரும்பும். கொடுங்கையூர் குப்பைமேட்டில் தீப்பிடித்திருந்தால் புகை எங்கள் ஜன்னல் வரை வரும்.

அந்தத் தீயை வளர்ப்பதில் மீத்தேனுக்கும் பங்குண்டு. காற்றுப் புகாத ஆழத்தில் ஈரக்குப்பை அழுகி வெளிவிடும் வாயுவில் ஏறக்குறையப் பாதி அதுதான். நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், அதே எடையுள்ள கரியமில வாயுவைவிட 28 மடங்கு பூமியைச் சூடாக்கும்.

நான் பள்ளியில் உயிரியல் நடத்தி ஓய்வு பெற்றவன். பாக்டீரியா என்றால் பிள்ளைகள் காலரா, டைபாய்டு என்று ஒப்பிப்பார்கள். மீத்தேனையே தின்று வாழும் பாக்டீரியாவும் உண்டு. நெதர்லாந்தின் சோன்கன் 1906இலேயே அதைக் கண்டு சொன்னார். குப்பையை மண்ணால் மூடினால், கீழிருந்து வரும் வாயுவும் மேலிருந்து இறங்கும் ஆக்சிஜனும் சந்திக்கும் அடுக்கில் மெத்தைலோசிஸ்டிஸ், மெத்தைலோபாக்டர் போன்றவை தாமாகவே பெருகும். மீத்தேனைக் கரியமில வாயுவாகவும் தண்ணீராகவும் மாற்றிவிடும். 25 முதல் 35 டிகிரி வெப்பம் அவற்றுக்குத் தோது. சென்னையில் அதற்கா பஞ்சம்? மண் சேறாக ஊறினாலும் பாளமாக வெடித்தாலும்தான் வேலை நிற்கும்.

நிலநிரப்புத் தளங்களில் அன்றாடக் குப்பையைக் குறைந்தது 10 செ.மீ. மண்ணாலோ கட்டட இடிபாடுகளாலோ மூட வேண்டும், மழைக்காலத்துக்கு முன் 40 முதல் 65 செ.மீ. மண் போட வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் சொல்லின. 10 செ.மீ. என்பது ஏறக்குறைய அரைச் சாண். ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐ.பி.சி.சி.யின் கணக்கு முறையும் மண் மூடாக்கை மதிக்கிறது. மண்ணோ உரமோ போட்டு ஒழுங்காகப் பராமரிக்கும் தளம் என்றால் மீத்தேனில் 10 சதவீதத்தைக் கழித்துக்கொள்ளலாம். திறந்த மேட்டுக்குப் பூஜ்யம். மக்கிய உரம் கலந்து, ஈரம் பார்த்துப் போடும் மூடாக்கு இன்னும் அதிகமாகவே தின்னும்.

‘வெட்டி அள்ளப்போகும் மேட்டுக்கு மண் எதற்கு?’ என்பார்கள். சுமார் 250 ஏக்கரில் குவிந்திருந்த 66 லட்சம் டன் பழைய குப்பை ஒரே நாளில் போய்விடாது. வெட்ட வெட்ட உள்ளே இருப்பது காற்றுக்கும் வெயிலுக்கும் வெளிப்படும். திருவொற்றியூர், ராயபுரம் உட்பட வட மண்டலங்களின் புதுக் குப்பையும் வந்தபடியே இருக்கிறது. முழு மேட்டையும் ஒரே சமயத்தில் மூடச் சொல்லவில்லை. கொடுங்கையூரில் சதுர மீட்டருக்கு மணிக்கு 1 முதல் 23.5 மில்லிகிராம் வரை மீத்தேன் வெளியேறுவதாக 2008இல் வெளியான ஆய்வு காட்டியது. இடத்துக்கு இடம் இருபது மடங்குக்கு மேல் வித்தியாசம். அதிகம் கசியும் இடத்தை அளந்து முதலில் மூடுங்கள். மண்ணுக்கு ஏரியை வெட்ட வேண்டாம். பழைய குப்பையைத் தோண்டிப் பிரிக்கும் பயோமைனிங்கில் சலித்தெடுக்கும் மண் அங்கேயே கிடைக்கிறது. கன உலோகம் இருக்கிறதா என்று சோதித்துவிட்டுப் போடலாம்.

கொடுங்கையூரில் குப்பை எரியுலை வேண்டுமா, வேண்டாமா என்ற சண்டை நடக்கட்டும். நான் வேண்டாம் என்ற பக்கம். ஆனால் எந்தத் திட்டம் வந்தாலும் ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்க வேண்டும்: அன்று கொட்டியதையும் அன்று வெட்டியதையும் பொழுது சாய்வதற்குள் மூட வேண்டும், மூடாத நாளுக்குப் பணம் கிடையாது.