புள்ளலூர்க் களமும் சேனாபதிகளும்

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் பெருஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூரைக் கடக்கும்போது, மோட்டார்த் தொழிற்சாலைகளின் நீண்ட மதில்களைக் கண்டு வியக்காதவர் இல்லை. அந்த மதில்களின் பெருமையையும் ஒரகடத்து யந்திரங்களின் பெருமையையும் எழுத வேறு பேனாக்கள் இருக்கின்றன. இந்த வாரம் நாம் நேயர்களை மேற்கே, காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள புள்ளலூருக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறோம். மகேந்திர பல்லவன் தன் பகைவரை முறியடித்ததாகக் காசக்குடிச் செப்பேடு சொல்லும் ஊர் இதுதான். ஆனால் நமக்கு இன்று வேண்டியது 1780-ம் வருஷத்து யுத்தம்.

அமெரிக்க சுதந்திர யுத்தத்துச் சேனாபதிகளில் கெட்டிக்காரர் யார் என்று நண்பர்கள் சிலர் வாதாடிக்கொண்டிருந்ததைக் கேட்டோம். 1777-ல் ஸரடோகாவில் வென்ற ஜெனரல் கேட்ஸை ஒருவர் புகழ்ந்தார். அதே கேட்ஸ் 1780 ஆகஸ்டு 16-ந் தேதி கேம்டனில் படையை இழந்து குதிரை மேல் ஓட்டம் பிடித்ததை மற்றொருவர் நினைவூட்டினார். பழைய வெற்றியைக் கொண்டு ஒருவரை எடை போடுவது எவ்வளவு அபாயம் என்பதை அறிய அவ்வளவு தூரம் போவானேன்? கேம்டனுக்குப் பிறகு இருபத்தைந்தாம் நாள் புள்ளலூரில் அதே பாடம் நடந்தது.

அவ்வருஷம் ஹைதர் அலி கர்நாடகத்தின் மேல் படையெடுத்து வந்தார். அவரை எதிர்க்க வேண்டிய கம்பெனிச் சேனாபதி, 1764-ல் பக்ஸாரில் வென்ற ஸர் ஹெக்டர் மன்றோ. குண்டூரிலிருந்து வரும் கர்னல் பெய்லியின் படை தம்முடன் காஞ்சிபுரத்தில் வந்து சேரட்டும் என்று அவர் முடிவு செய்தார். சென்னைக்கு அருகில் சேர்வதே பத்திரம் என்று லார்டு மக்லியாட் சொன்னதை அவர் ஏற்கவில்லை. பெய்லியோ, கொற்றலையாற்றில் தண்ணீர் குறைவாக இருந்தபோது கடக்காமல் வடகரையில் தங்கினார். இரவில் வெள்ளம் வந்துவிட்டது. பல நாள் வீணாயிற்று. செப்டம்பர் 6-ந் தேதி பேரம்பாக்கத்தில் திப்பு அவரை மறித்தார். காஞ்சிபுரம் அங்கிருந்து 14 மைல்தான். கர்னல் பிளெச்சர் ஆயிரம் பேருடன் வந்து சேர்ந்தும் பெய்லி 9-ந் தேதி இரவு நடுவழியில் படையை நிறுத்தினார்.

அந்த இரவுதான் ஹைதரின் இரவு. மன்றோவுக்கு எதிரே முகாமிட்டிருந்த தம் படையை அவர் இருளில் நகர்த்திப் பெய்லியின் மேல் திருப்பினார். மன்றோ அதை உணரவில்லை. விடிந்தபின் பீரங்கிச் சத்தம் கேட்டுப் புறப்பட்டார். பாதி வழியில் பெய்லி அழிந்தார் என்ற செய்தி வந்ததும் திரும்பிவிட்டார். கனத்த பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கற்பட்டுக்குப் பின்வாங்கினார்.

வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றியதால்தான் பெய்லி தோற்றார் என்று ஆங்கிலேயச் சரித்திரக்காரர்கள் சொல்வதுண்டு. வண்டிகள் வெடித்தது உண்மையே. ஆனால் நாற்புறமும் சூழப்பட்ட படைக்குத்தான் அந்த விபத்து நேர்ந்தது, சூழ்ந்தது விபத்தல்ல. மன்றோவுக்காகவும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்: நவாப் வாக்களித்த உணவுப் பொருள்கள் வரவில்லை, கையிலிருந்த சேகரத்தை விட்டு நகர அவர் அஞ்சினார். இருந்தும் 5,000-க்கு மேற்பட்ட படையுடன் ஒரு பகல் நடைத் தொலைவில் இருந்தவர் அவர். பெய்லியை விட அவர் மேல்தான் குற்றம் அதிகம் என்பது நம் கட்சி. ஹைதரையும் விட்டுவிட வேண்டியதில்லை. கலங்கி ஓடிய மன்றோவைத் தொடராமல் அவர் ஆற்காட்டு முற்றுகைக்குத் திரும்பினார். ஆற்காடு நவம்பரில் வீழ்ந்தது. ஆனால் அதே மாதம் ஸர் அயர் கூட் சென்னையில் வந்து இறங்கினார்.

கேட்ஸைக் கேம்டனில் வென்றவர் யார் தெரியுமா? காரன்வாலிஸ். 1781-ல் யார்க்டவுனில் வாஷிங்டனிடம் சரணடைந்து, 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவைப் பணியவைத்தவரும் அவரே! எந்த வருஷத்துக் காரன்வாலிஸுக்கு மதிப்பெண் போடுவது?

புள்ளலூர் வயல்களிடையே இரண்டு கல் தூண்கள் நிற்கின்றன. 1781 ஆகஸ்டு 27-ல் கூட்டும் ஹைதரும் அதே இடத்தில் மோதியபோது மாண்ட இரு கம்பெனி அதிகாரிகளுக்காக எழுப்பியவை அவை. பெய்லியின் படையில் பெரும்பாலோர் நம் நாட்டுச் சிப்பாய்கள். அந்தத் தூண்களில் அவர்கள் பெயர் இல்லை.